ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடி

எதிரில் இருப்பவர் பாதி வாக்கியத்தில் இருக்கும்போதே சுகன்யாவின் தலை ஆடத் தொடங்கிவிடும். முழுதாகச் சொல்லி முடிக்கும்வரை அவளுக்கு இருப்புக் கொள்ளாது. கணவன் பிரபாகர் "இன்னைக்கு ஸ்கூல்ல..." என்று இழுத்தால், "ஹெச்.எம். திட்டினாரு, சரி, விடு" என்று அவளே முடித்துவைப்பாள். அவன் சொல்ல வந்தது வேறாக இருக்கும். பல நாள் அதைத் திருத்துவதற்கே அவனுக்கு அலுப்பாகிவிடும். திமிர் பிடித்தவள் என்று நினைத்துவிட வேண்டாம். அவள் பார்த்த வேலை காதை அப்படி ஆக்கி வைத்திருந்தது.

ஒரு காலத்தில் ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஒரு கத்தைக் காகிதத்தை நீட்டி, இங்கே, இங்கே, அப்புறம் இங்கே என்று கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். யாரும் படித்ததில்லை. படிக்க நேரம் கொடுத்ததும் இல்லை. அதில் சில பேர் வாழ்க்கை நாசமான பிறகு, 2036-இல் வாசிப்புச் சட்டம் வந்தது. சம்மதப் பத்திரம் எதுவானாலும் சம்பந்தப்பட்டவரைத் தனி அறையில் உட்காரவைத்து, உறவுக்காரர்களை வெளியே நிறுத்திவிட்டு, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை இயந்திரக் குரல் வாசித்துக் காட்ட வேண்டும். முடிவில் சம்மதமா என்று கேட்க வேண்டும். வாசித்ததும் பதில் சொன்னதுமாக மொத்தமும் ஒலிப்பதிவாகி அரசுக் காப்பகத்துக்குப் போக வேண்டும். நல்ல சட்டம்தான். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

கோயம்புத்தூரில் அந்த ஒலிப்பதிவுகளைத் தயார் செய்து கொடுத்த 'செவிச்சான்று' என்ற சின்ன நிறுவனத்தில் சுகன்யா ஏழு வருடமாக வேலை பார்த்தாள். அங்கே ஆளுக்கு இரண்டு வேலை. வாசிப்புக்கு முன்னால் வேகம் வைக்க வேண்டும். 'கேட்பவருக்குப் புரியும் வேகத்தில்' என்று சட்டம் பொதுவாகச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. எண் எதுவும் குறிப்பிடவில்லை. அதனால் வேகம் வைக்கிறவர் நாலு வரி ஓடவிட்டுக் கேட்டு, காதுக்கு இதமாக இருந்தால் அனுப்பிவிடுவார். வாசிப்பு முடிந்து பதிவு திரும்பி வந்ததும் அதைப் புடைக்க வேண்டும்.

புடைப்பது என்றால் பேச்சு இல்லாத இடங்களை நீக்குவது. அரை விநாடிக்கு மேல் மௌனம் இருந்தால் மென்பொருளே அதை உமி மாதிரி ஊதித் தள்ளிவிடும். இருமல், நாற்காலிச் சத்தம், ஃபேன் இரைச்சல் எல்லாம் போய்ப் பேச்சு மட்டும் மிஞ்சும். காப்பகத்துக்கு இடம் மிச்சம், சரிபார்க்கிறவர்களுக்கு நேரம் மிச்சம். "புடைச்சாச்சா?" என்பதுதான் அந்த ஆபீசில் காலை வணக்கம்.

புடைத்ததை நாலு மடங்கு வேகத்தில் கேட்டுச் சரிபார்ப்பார்கள். அதற்காக எல்லோர் வலது காதுக்குப் பின்னாலும் பட்டாணி அளவுக்கு ஒரு காதுமணி. அது செவி நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கும். முதல் ஆறு மாதம் தலைசுற்றும், வாந்தி வரும். அப்புறம் பழகிவிடும். பழகியபின் மணியைக் கழற்றினாலும் காது பழைய காதாகத் திரும்பாது. சேரும்போது கொடுத்த காகிதத்தில் இதுவும் எழுதியிருந்தது. சுகன்யா அதைப் படிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

அன்று திங்கட்கிழமை. ஒரு பதிவு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்திருந்தது. நெகமம் பக்கத்து அண்ணன் தம்பி. அண்ணன் சென்னியப்பன், ஐம்பத்திரண்டு வயது, தனியார் பஸ் டிரைவர். இரண்டு சிறுநீரகமும் பழுதாகி இரண்டு வருடமாக வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். தம்பி மயில்சாமி, நாற்பத்தொன்று, தேங்காய் உரிப்பவர். ஒரு சிறுநீரகத்தை அண்ணனுக்குத் தர இருந்தார். வியாழக்கிழமை காலை ஆபரேஷன். வாசிப்பு போன வாரமே முடிந்து காப்பகத்துக்கும் போய்விட்டது. தம்பியின் பதிவில் அப்பா பெயர் ஆறுச்சாமி என்பதற்குப் பதில் ஆறுமுகசாமி என்று இருந்ததால் திருத்திக் கேட்டிருந்தார்கள்.

அரை மணி நேர வேலை. புடைத்த பதிவில் ஒட்டுப் போட முடியாது என்பதால் அசல் பதிவைத் திறந்தாள். அசலை முப்பது நாள் வைத்திருந்து அழித்துவிடுவார்கள். அதை யாரும் திறந்து பார்ப்பதே இல்லை. பெயரை மாற்றிவிட்டு, கடைசிவரை ஒருமுறை ஓட்டிப் பார்ப்போம் என்று திரையை நகர்த்தினாள். வாசிப்பின் அலைகள் மேடும் பள்ளமுமாக வந்து, "சம்மதமா?" என்ற இடத்தில் நின்றன. அதற்கப்புறம் ஒரு கோடு. கோடு போய்க்கொண்டே இருந்தது. பதிவுதான் அறுந்துவிட்டதோ என்று அவள் நினைத்தாள். ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடி கழித்து ஒரு சின்ன மேடு. "சரிங்க."

புடைத்த பதிவை எடுத்துப் பக்கத்தில் வைத்துக் கேட்டாள். சம்மதமா, சரிங்க. கேட்ட வாய் மூடுவதற்குள் பதில். கல்யாண வீட்டில் இன்னொரு ஜிலேபி வைக்கட்டுமா என்று கேட்டதற்குச் சொன்ன மாதிரி இருந்தது. காப்பகத்தில் இருப்பது இதுதான். நாளைக்கு ஏதாவது வழக்கு என்று வந்தால் நீதிபதி கேட்கப்போவதும் இதுதான்.

அசலை மறுபடி போட்டு, அவளுக்கு ஆகவே ஆகாத காரியம் ஒன்றைச் செய்தாள். அந்தக் கோட்டை முழுதாக, உள்ளபடியான வேகத்தில் கேட்டாள். ஃபேன் சுற்றியது. யாரோ தொண்டையைச் செருமினார். நாற்காலி ஒருமுறை கிரீச்சிட்டது. கதவுக்கு வெளியே தூரத்தில் ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். பெருமூச்சு. சரிங்க.

அந்த மனுஷன் ஏன் அவ்வளவு நேரம் வாயே திறக்கவில்லை? வாசிப்பில் கோளாறு இருக்குமோ என்று முதலிலிருந்து கேட்டாள். தெளிவாக இருந்தது. கொஞ்சம் இழுவையாகக்கூடத் தோன்றியது. மனசு கேட்காமல் பதிவைப் போனில் ஏற்றிக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்குப் போனாள்.

பிரபாகர் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் போனை வைத்துப் பதிவை ஓடவிட்டாள். அவன் கத்தியை நிறுத்திவிட்டு, "என்ன இது, ஏலம் போடறாங்களா?" என்றான். விளையாட்டில்லை என்று அவள் சொன்னதும் கவனமாகக் கேட்டான். மூன்று வரிக்கு ஒரு வரிதான் பிடிபட்டது. அதுவும் எட்டாங்கிளாஸ் பிள்ளைகளுக்குத் தினம் தமிழ் வாசித்துக் காட்டுகிற வாத்தியாருக்கு.

அப்போதுதான் அவள் வேக எண்ணைப் பார்த்தாள். நிமிடத்துக்கு இருநூற்று நான்கு சொற்கள். குறைத்தாள். நூற்றுத் தொண்ணூறு. அவன் உதட்டைப் பிதுக்கினான். நூற்று எழுபது. நூற்றைம்பது. "இப்பப் பரவாயில்ல, ஆனா மூச்சு முட்டுது" என்றான். நூற்றெட்டுக்கு வந்தபோதுதான் அவன் முகம் தளர்ந்தது. அந்த வேகத்தில் அவளுக்கு ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக உதிர்ந்தது. வாக்கியமாகச் சேர்த்துப் பிடிக்கவே முடியவில்லை.

வேலையில் சேர்ந்த புதிதில் அவள் வைத்ததும் இதே நூற்றெட்டுதான் என்பது நினைவுக்கு வந்தது. வேகத்தைக் கூட்டச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. மாதத்துக்கு ஒருமுறை பழைய வேகம் இழுக்கிற மாதிரி தோன்றும், ஒன்றிரண்டு எண் ஏற்றுவாள். பக்கத்து மேசைக்காரரும் அப்படித்தான். ஆபீசில் பதினான்கு பேர் காதும் சேர்ந்தே ஏறியதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அடுப்பில் சாம்பார் அடிப்பிடிக்கிற வாசனை வந்த பிறகும் இரண்டு பேரும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலையில் மேலாளர் தாமோதரனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பதிவைக் கேட்டுவிட்டு, நல்லாத்தானேம்மா இருக்கு என்றார். அவர் காதுக்குப் பின்னாலும் மணி இருந்தது. அவள் விடாமல் வாதாடிய பிறகு நாற்காலியில் சாய்ந்து கண்ணாடியைக் கழற்றினார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. பயந்தவர். மறுவாசிப்புக்கு விதியில் இடம் இருக்கிறது, அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் வைத்துக்கொள், ஆனால் காரணம் என்று அப்பா பெயர் தப்பு என்பதை மட்டும் எழுது என்றார்.

"வேகம்னு எழுதினா ஒரு பத்திரத்தோட நிக்காது சுகன்யா. இதுவரைக்கும் அனுப்பின அத்தனையும் கிளறணும்."

"கிளறித்தான் ஆகணும் சார்."

படிவத்தில் காரணம் என்ற இடத்தில் 'வாசிப்பு வேகம் கூடுதல்' என்று எழுதி அவர் மேசையில் வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். அவர் அதைக் கிழிக்கவில்லை. அனுப்பவும் இல்லை.

வாசிப்பறை ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் இருந்தது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒலிபெருக்கி, பதிவாகிறது என்பதைக் காட்டுகிற சிவப்பு விளக்கு. வாசலில் மயில்சாமியின் மனைவி, அண்ணி, அண்ணியின் அம்மா, இரண்டு மாமன்மார் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு கையெழுத்துக்கு இத்தனை பேர் எதற்கு என்று சுகன்யா நினைத்தாள். பிறகு, இத்தனை பேரையும் தாண்டித்தானே அவர் அன்றைக்கும் உள்ளே போயிருப்பார் என்று தோன்றியது.

மயில்சாமிக்கு மண்வெட்டி பிடித்தவர்களுக்கும் இல்லாத தோள். நட்டுவைத்த இரும்புப் பாரையில் குத்தி, ஒரு நாளைக்கு இரண்டாயிரம் தேங்காய் உரிக்கிறவர். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். சட்டப்படி அறைக்குள் வேறு யாரும் இருக்கக் கூடாது. வேகம் வைக்கிறவள் என்பதால் சுகன்யா மட்டும் இருக்கலாம். அவள் நூற்றெட்டில் வைத்துத் தொடங்கினாள். "வேகமாப் போச்சுன்னா கையைத் தூக்குங்கண்ணா" என்றாள். அவர் தலையாட்டினார். பத்தாவது வரியில் கை தயங்கித் தயங்கி மேலே வந்தது. தொண்ணூற்றைந்துக்கு இறக்கினாள்.

அடுத்த முக்கால் மணி நேரம் அவளுக்குச் சித்திரவதை. அடுத்த சொல் எது என்று அவளுக்கு முன்னாலேயே தெரியும். அது வந்து சேர்வதற்குள் கால் கட்டைவிரல் தானாக ஆடும். ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறங்கித் தள்ளச் சொன்ன மாதிரி இருந்தது. நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மயில்சாமியோ நிதானமாகக் கேட்டார். கனமான பாரம் தூக்கக் கூடாது என்ற இடத்தில் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். நாற்பத்தொன்றாவது பிரிவு வந்தது.

"அறுவை அரங்கினுள் அழைத்துச் செல்லப்படும் வரை எந்த நேரத்திலும் நீங்கள் இந்தச் சம்மதத்தை விலக்கிக்கொள்ளலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. அப்படி விலக்கிக்கொண்டால், உறுப்பு பொருந்தவில்லை என்று மட்டுமே உங்கள் குடும்பத்தாருக்கும் மற்றத் தரப்பினருக்கும் சொல்லப்படும். உண்மையான முடிவு யாருக்கும் தெரிவிக்கப்படாது."

அவர் கையைத் தூக்கினார். வேகத்தைக் குறைக்க வேண்டுமா என்று கேட்டாள். அதில்லை, அந்த நாற்பத்தொன்றை மட்டும் இன்னொருக்கா போட முடியுமா என்றார். போட்டாள். முடிந்ததும் விரலால் மறுபடி என்று சைகை காட்டினார். மூன்றாவது முறை முடிந்தபோது அவர் முகம் வேர்த்திருந்தது.

"அன்னைக்கும் இதைச் சொல்லுச்சுங்களா?"

"சொல்லுச்சுங்கண்ணா. ரொம்ப வேகமாச் சொல்லுச்சு. அந்த வேகத்தை வெச்சது நான். என் தப்புதான்."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் பாவம், அவளைச் சமாதானப்படுத்துகிற மாதிரி சிரித்தார். அன்றைக்குக் கேள்வி கேட்ட பிறகு ஏன் அவ்வளவு நேரம் சும்மா இருந்தீர்கள் என்று அவள் கேட்டாள்.

"மறுக்கா கேப்பாங்கன்னு இருந்தேனுங்க. எங்க பக்கம் பந்தியில கூட, போதுமான்னு ஒருக்கா கேட்டதும் யாரும் மனசுல இருக்கிறதச் சொல்ல மாட்டாங்க. மறுக்கா கேக்கோணும். அப்பத்தான் நெசமாக் கேக்கறாங்கன்னு அர்த்தம். இது கேக்கவே இல்லீங்க. சிவப்பு லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருந்துது. வெளிய ஊட்டுக்காரி அழுவுற சத்தம். சரி, நம்மளுக்காக எத்தன நேரம் எல்லாரையும் காக்க வெக்கிறதுன்னு சரிங்கன்னுட்டேன்."

சுகன்யாவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மேசையில் இருந்த ஒயரைச் சுற்றி, பிரித்து, மறுபடி சுற்றினாள். மீதிப் பிரிவுகள் ஓடி முடிந்தன. சம்மதமா என்று இயந்திரம் கேட்டது. அவர் பதில் சொல்லவில்லை. சுகன்யா தன் வாயில் தானாக வந்த "ம், சொல்லுங்க" என்பதை விழுங்கிக்கொண்டு காத்திருந்தாள். ஒரு நிமிடம் ஆனது. இரண்டு ஆனது. மயில்சாமி ஜன்னல் பக்கம் பார்த்தார். உள்ளங்கையில் இருந்த காய்ப்பை விரலால் சுரண்டினார். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொண்டார். மாட்டேன் என்று சொல்லப்போகிறார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. சொல்லட்டும் என்றுதான் அவளும் மனசுக்குள் வேண்டிக்கொண்டாள். நாலு நிமிடமும் ஆறு விநாடியும் கழிந்தபோது அவர் மைக்கைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"குடுக்கறேனுங்க."

விதியை மீறுவது தெரிந்தும் சுகன்யா, "வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லலாம்ணா, யாருக்கும் தெரியாது" என்றாள்.

"அது தெரிஞ்சதுக்கு அப்பறந்தானுங்க சொல்றேன். வழியே இல்லைன்னு நெனச்சுக்கிட்டுக் குடுத்திருந்தா, சாகிற வரைக்கும் எங்கண்ணன் மேல ஒரு கடுப்பு இருந்துக்கிட்டேதான் இருந்திருக்கும். இப்ப அது இல்லீங்க. போலாமுன்னு கதவத் தொறந்து வெச்சாங்க. நானு போகலை. அவ்வளவுதான்." எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டவர், கதவருகே நின்றார். "அந்த நாலு நிமிசத்த அப்பிடியே வெச்சிருங்க மேடம். யோசிச்சுத்தான் சொன்னேன்னு இருக்கட்டும்."

புதன்கிழமை அண்ணனின் முறை. சென்னியப்பன் இடது கையைத் தொட்டில் பிள்ளையை ஏந்துகிற மாதிரி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஊசி ஏறி ஏறி அந்தக் கையின் நரம்பு கயிறாகத் தடித்திருந்தது. வாய் மட்டும் சளைக்கவில்லை. போன தடவை இந்த யந்திரம், லேட்டாகிப்போன டவுன் பஸ் டிரைவர் மாதிரி ஒரு ஸ்டாப்பிங்கிலும் நிற்காமல் போனது என்றார். இந்த முறை நின்று நின்று போனது. உறுப்பு பெறுகிறவருக்கான பத்திரத்திலும் அதே நாற்பத்தொன்றாவது பிரிவு உண்டு. வேண்டாம் என்று பெறுகிறவர் சொன்னாலும், பொருந்தவில்லை என்றுதான் சொல்வார்கள்.

அதைக் கேட்டதும் அவர் பேச்சு நின்றது. மறுபடி போடச் சொல்லவில்லை. கடைசியில் சம்மதமா என்று கேட்டபோது, இயந்திரத்தின் குரல் அடங்குவதற்குள் பதில் சொல்லிவிட்டார். புடைப்பதற்கு அங்கே அரை விநாடிகூட இல்லை.

"வேண்டாமுங்க."

அவளைத் திரும்பிப் பார்த்தவர் முகத்தில், இரண்டு வருடத்துக்கு அப்புறம் காலை நீட்டி உட்கார இடம் கிடைத்த மாதிரி ஒரு தெளிவு.

"இப்பிடி ஒரு வழி இருக்கறது போன வாரமே காதுல உழுந்திருந்தா போன வாரமே சொல்லியிருப்பேன் அம்மிணி. ஊட்டுல எல்லாரும் கூடிப் பேசி முடிவு பண்ணிட்டாங்க. நான் வேண்டாம்னா அழுவாச்சி, சண்டை. தம்பிக்கு ரெண்டும் பொட்டப் புள்ளைங்க, சின்னதுங்க. பாரைய எடுத்தாத்தான் அவனுக்குச் சோறு. எனக்கென்ன, வாரம் மூணு நாளு வந்து படுத்துட்டுப் போறேன்."

அவர் குரலைத் தாழ்த்தி, தம்பி என்ன சொன்னான் என்று கேட்டார். அடுத்த நொடியே, சொல்ல வேண்டாம் என்று கையமர்த்தினார்.

"சரின்னுதான் சொல்லியிருப்பான். மாட்டேன்னு சொல்லத் தெரியாதவன் அவன். அதனாலதானுங்க நானே சொல்ல வேண்டியிருக்குது."

தப்பு, உங்கள் தம்பி மாட்டேன் என்று சொல்லத் தெரிந்துகொண்டு, அதற்கு வழி இருப்பதையும் தெரிந்துகொண்டு, நாலு நிமிடம் அழுது, அப்புறம் தருகிறேன் என்றார் என்று கத்த வேண்டும் போல அவளுக்கு இருந்தது. அதைச் சொன்னால் இந்த மனிதர் ஒருவேளை மனசு மாறலாம். மாறி, ஆபரேஷன் நடந்து, இன்னும் இருபது வருடம் நன்றாக இருக்கலாம். அல்லது, அப்படி மனசாரக் கொடுக்கிற தம்பியிடமிருந்து எடுத்துக்கொள்ளவே மாட்டேன் என்று இன்னும் பிடிவாதமாகலாம். எது என்று யாருக்குத் தெரியும்? சட்டம் அவள் வாயைக் கட்டியிருந்தது. கட்டாமல் இருந்திருந்தாலும், இத்தனை வருடம் மற்றவர்களின் வாக்கியத்தை முடித்துவைத்தவளுக்கு இவருடைய வாக்கியத்தை முடிக்கத் துணிச்சல் வரவில்லை. இன்னொரு முறை யோசிக்கிறீர்களா என்று மட்டும் கேட்டாள். யோசிக்க ஒன்றுமில்லை என்று எழுந்துவிட்டார்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு, கடைசிப் பரிசோதனையில் பொருந்தவில்லை என்று குடும்பத்தாரிடம் டாக்டர் சொன்னார். அண்ணி சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். மாமன்மார் வேறு ஆஸ்பத்திரியில் பார்க்கலாமா என்று பேசினார்கள். பதிவுகளை முத்திரை வைத்து அனுப்ப சுகன்யா மூன்றாவது மாடிக்கு வந்திருந்தாள். எட்டு மணி வாக்கில் கதவு தட்டப்பட்டது. மயில்சாமி.

"நானு சொன்னது சரியாத்தானுங்க பதிவாயிருக்குது?"

தன் பதிலை இயந்திரம் மாற்றிப் பதிந்துவிட்டதோ என்று அவர் பயந்திருந்தார். அவர் சொன்னதை அவரே கேட்பதற்குச் சட்டம் தடை சொல்லவில்லை. உட்காரச் சொல்லி, கேள்வியிலிருந்து ஓடவிட்டாள். நாலு நிமிடம் ஆறு விநாடி இரண்டு பேரும் அசையாமல் கேட்டார்கள். அவளுடைய கால் விரல் ஆடவில்லை. எப்போதிலிருந்து ஆடவில்லை என்பதை அவள் கவனிக்கவும் இல்லை. குடுக்கறேனுங்க என்று குரல் வந்ததும் அவர் மூச்சை விட்டார்.

"அப்பிடின்னா சரிங்க. என் பக்கத்துல தப்பில்லை." எழுந்திருக்கப் போனவர் மறுபடி உட்கார்ந்தார். "பொருந்தலைன்னு டாக்டர் சொன்னப்ப எல்லாரும் அழுதாங்க. நானு எங்கண்ணன் மூஞ்சியப் பாத்தேனுங்க. ரெண்டு வருசமா அவரு அப்பிடி இருந்து நானு பாக்கலை. வெளக்குப் போட்டாப்பல இருந்துது. அந்த நாப்பத்தொண்ணு அவரு காயிதத்துலயும் இருந்திருக்குமுங்க."

சுகன்யா திரையைப் பார்த்துக்கொண்டாள். முகத்தில் எதையும் காட்டிவிடக் கூடாது என்று பல்லைக் கடித்தாள்.

"நானு உங்களை ஒண்ணும் கேக்கலை. நீங்களும் சொல்ல வேண்டாம்" என்றார் மயில்சாமி. "என்னைப் பாத்து, பொழச்சுப் போடான்னு தோளத் தட்டினாரு. நானும் பயந்துக்கிட்டு மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன்னு அவரு நெனச்சா, நெனச்சுக்கட்டுமுங்க. மனசாரக் குடுக்க வந்தவனத் திருப்பி அனுப்பிட்டோமேன்னு படுத்த படுக்கையில அவரு நெனைக்கக் கூடாது. அவரு எப்பக் கேட்டாலும், இந்தப் பதிவு அவரு காதுக்குப் போகக் கூடாதுங்க."

"போகாதுங்கண்ணா."

"பத்து மணிக்கு அவருக்கு டயாலிசிஸ். ஆபரேஷன்னு இன்னைக்கு எடத்த வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்களாம். போய்ச் சொல்லிக் கேட்டு வாங்கோணும்." கதவைத் திறந்தவர், வெளியே அழுதுகொண்டிருந்த அண்ணியிடம் ஏதோ சொல்லிக்கொண்டே வேகமாகப் படியிறங்கினார்.

சற்று நேரத்தில் தாமோதரன் போன் செய்தார். பதிவை வீட்டில் போட்டுக் காட்டியதில் யாருக்கும் புரியவில்லை என்றும், அவளுடைய படிவத்தைச் சுகாதாரத் துறைக்கு அனுப்பிவிட்டதாகவும் சொன்னார். இன்னும் அழிக்கப்படாத அசல் பதிவுகள் அறுநூற்றுப் பதினொன்று இருக்கின்றன, எல்லாரையும் கூப்பிட்டு மறுபடி வாசிக்க வேண்டியிருக்கும், வேலை போனாலும் போகும் என்றார். சொல்லி முடிக்கும்வரை அவள் குறுக்கே பேசவில்லை. பிறகு இரண்டு பதிவுகளையும் புடைக்காமல் முத்திரை வைத்து அனுப்பினாள்.

ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தபோது டயாலிசிஸ் கட்டிடத்தின் வாசலில் மயில்சாமி அண்ணனின் இடது கையில் வெயில் படாமல் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டிருந்தார். சென்னியப்பன் அவரிடம் ஏதோ கேலி சொல்லிச் சிரித்தார். மயில்சாமியும் சிரித்தார். அப்புறம் இரண்டு பேரும் உள்ளே போனார்கள்.